முப்பது பேருக்கு ஒரு விசில்

பொங்கலை ஒட்டித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நடுவர் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தனி ஆள் நினைவுக்கு வருவதில்லை. ஆடவர் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த 130 சதுர மீட்டருக்குள் ஆடும் பதினான்கு பேரைக் கவனிக்க, முறைப்படி நடத்தினால், ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர்கள் என்று ஆறு பேர் இருப்பார்கள். ரக்பி ஆடுகளமோ ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் இருக்கலாம். ஏழாயிரம் சதுர மீட்டரில் முப்பது பேர் ஆட, நடுவில் விசிலோடு ஓடுபவர் ஒருவரே. பக்கக் கோட்டில் கொடி பிடிக்க இருவர் உண்டு என்றாலும், போட்டி நடத்துபவர்கள் தனியாக யாரையும் நியமிக்காவிட்டால், அந்த இருவரையும் அணிக்கு ஒருவராக ஆடவந்தவர்களே தர வேண்டியிருக்கும்.

ஆட்டம் நடக்கும்போது நிகழ்ந்தது என்ன, அதற்குரிய சட்டம் என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் நடுவர் ஒருவரே தீர்ப்பாளர் என்று ரக்பியின் சட்டநூல் வைத்திருக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டங்களில் காட்சிப் பதிவைத் திருப்பிப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருப்பார். உள்ளூரில் அந்த வசதி கிடையாது. இதனால்தான், ரக்பி புதிதாக வரும் ஒரு பகுதியில் முதலில் தேவைப்படுபவர் வீரரைவிட நடுவர் என்று சொல்லத் தோன்றுகிறது. கிரிக்கெட்டையும் கைப்பந்தையும் பிள்ளைகள் நடுவரில்லாமலே வருடக்கணக்கில் ஆடிவிடலாம், சண்டை வந்தாலும் வாய்ச்சண்டையோடு போகும். ஓடிவரும் ஒருவரை இன்னொருவர் இடுப்பில் பிடித்துச் சாய்ப்பதே அடிப்படையான ஓர் ஆட்டத்தை அப்படி விட முடியாது. பதினைந்து பந்துகளும் இரண்டு அணிகளுக்குச் சட்டைகளும் வாங்கிவிட்டு, விசில் யார் கையில் என்பதைக் கடைசியில் யோசிக்கும் பள்ளி, தன் மாணவர்களின் கழுத்தை வைத்துச் சூதாடுகிறது.

ரக்பியும் இப்படியே பிறந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் தகராறுகளை இரு அணித் தலைவர்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். விசில் ஏந்திய நடுவர் 1880களில்தான் நிலைபெற்றார். இந்தியாவுக்கு ஆட்டம் அதற்கும் முன்பே வந்துவிட்டது என்பது ஒரு வேடிக்கை. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அதையொட்டி உருவான சங்கம் சில ஆண்டுகளில் கலைந்தபோது, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை மோதுகின்றன. நம் பக்கத்து மக்களுக்கு ரக்பி கண்ணில் பட்டதென்னவோ 2025 ஜூனில், மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகைச் சென்னை புல்ஸ் அணி வென்றபோதுதான்.

அப்படிக் கண்ணில் பட்ட ஆட்டத்துக்குத் தருமபுரியிலோ ஊத்தங்கரையிலோ இருக்கும் ஒருவர் நடுவராக விரும்பினால், ரக்பி ஆடிய அனுபவம் கட்டாயமா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். ஆடியிருந்தால் நல்லது, ஆனால் நல்ல வீரராக இருந்திருக்க வேண்டியதில்லை. 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு நடுவராக இருந்தவரும், நூறு சர்வதேச ஆட்டங்களை நடத்திய முதல் நடுவருமான வேல்சின் நைஜல் ஓவன்ஸ், பள்ளி அணிக்காக ஓர் எளிய உதையைத் தவறவிட்ட பிறகு, நடுவராகப் போய்ப் பார் என்று ஆசிரியர் சொன்னதால் பதின்ம வயதிலேயே இந்தப் பக்கம் வந்தவர். நம் மாவட்டங்களில் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள் இரண்டு வகையினர் என்பது என் கணிப்பு: பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் முதல் வகை, கபடிக்கு நடுவராக நின்று பழகியவர்கள் இரண்டாம் வகை. மாணவிகளுக்குப் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியைகளும் இதில் சேர்த்தி. 2023இல் நடந்த ஆடவர் உலகக் கோப்பையின் நடுவர் குழுவில் அயர்லாந்தைச் சேர்ந்த ஜாய் நெவில் இடம்பெற்றார். உள்ளூர் ஆட்டத்தில் ஒரு பெண் விசில் ஊதினால் புருவம் உயர்த்துபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பயிற்சிக்கான வழி பலர் நினைப்பதைவிடச் சுருக்கமானது. டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் ரக்பி அமைப்பு, ஆட்டச் சட்டங்களையும் அவற்றுக்கான தேர்வையும், பாதுகாப்பு, தலைக்காயம் பற்றிய பாடங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. செல்பேசியிலேயே படித்து எழுதிவிடலாம். அதை முடித்தவர்கள், நேரில் நடக்கும் முதல் நிலை நடுவர் பயிற்சிக்குப் போகலாம். தேசிய ரக்பி அமைப்பின் வழியாக, உரிமம் பெற்ற பயிற்றுநர்கள் அதை நடத்துகிறார்கள். இத்தகைய வகுப்பு எப்போது, எங்கே என்பதை மாநில அமைப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், மாவட்டத் தலைநகருக்கு வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் உண்மையான கல்வி தொடங்குகிறது. கொடி பிடித்து நிற்பது, பிறகு பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டம், பிறகு எழுவர் போட்டியின் முதல் சுற்று என்று மெல்ல ஏறுவதே நல்லது.

சட்டநூலில் மொத்தம் 21 சட்டங்கள். ட்ரைக்கு, அதாவது எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவதற்கு, 5 புள்ளி, அதன் பின் வரும் உதைக்கு 2, எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைக்கும் டிராப் கோலுக்கும் 3 என்பவற்றை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் நடுவரின் பெரும்பாலான விசில்கள் ஒரே இடத்தைச் சுற்றித்தான் ஒலிக்கின்றன. பந்தோடு வருபவர் பிடிபட்டுத் தரையில் சாயும் இடம் அது. சட்டப்படி, சாய்க்கப்பட்டவர் உடனே பந்தை விட வேண்டும், அல்லது முன்பக்கம் தவிர வேறு எந்தப் பக்கமும் கொடுக்கவோ வைக்கவோ வேண்டும். சாய்த்தவர் ஆளையும் பந்தையும் விட்டு விலக வேண்டும். பின்னர் வந்து சேருபவர்கள் தம் கோல் கோட்டுப் பக்கமிருந்து, காலில் நின்றபடியே வர வேண்டும். இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றரை வினாடிக்குள் நடக்க வேண்டியவை. யார் முதலில் தவறினார் என்பதை நான்கைந்து உடல்களின் குவியலுக்குள் பார்த்துச் சொல்வதுதான் நடுவரின் தொழில்.

கபடி வளர்த்த மண்ணில் இந்த இடம் இன்னும் சிக்கலாகும். கபடிப் பிடியின் அடிப்படையே விடாமல் இருப்பதுதான். பாடி வந்தவரின் கணுக்காலையோ தொடையையோ பிடித்தவர், மூச்சு முடியும் முன்போ விசில் கேட்கும் முன்போ அந்தப் பிடியைத் தளர்த்தினால் ஊர் அவரைச் சும்மா விடாது. அதே பையன் ரக்பிக்கு வந்து, எதிராளியை அழகாகச் சாய்த்துவிட்டு, பழக்கத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தால் பெனால்டி. கபடியில் கைதட்டு வாங்கும் டேஷ், அதாவது கைகளால் பிடிக்காமல் உடம்பால் மோதிக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது, ரக்பியில் அபாயகரமான ஆட்டம். தூக்கப்பட்டவரைத் தலையோ தோளோ முதலில் தரையில் படும்படி போட்டால் அட்டையே வெளிவரும். ஆகவே, இங்கே விசில் பிடிப்பவர் சட்டநூலோடு கபடியையும் அறிந்திருந்தால் எந்தப் பையன் எந்தத் தவறை ஏன் செய்கிறான் என்பது தவறு நடக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் கபடி நடுவர்களை மேலே குறிப்பிட்டேன்.

தவறு நடக்கும் முன்பே தெரிந்தால் என்ன செய்வது? பேசுவது. ரக்பி நடுவர் ஆட்டம் முழுக்க வாய் ஓயாமல் பேசுபவர். உலகெங்கும் ஆங்கிலத்தில் சொல்லப்படும் அந்தச் சிறு கட்டளைகளை நம் ஊர்ப் பள்ளி ஆட்டத்தில் தமிழில் சொல்வதே நியாயம். ‘பந்தை விடு’, ‘உருண்டு போ’, ‘கையெடு’, ‘பின்னால் நில்’ என்று ஓரிரு சொல்லில் முடிய வேண்டும். மூன்றாவது சொல்லுக்குள் பந்து வேறெங்கோ போயிருக்கும். இரு அணியினரும் தோள் கோத்துக் குனிந்து எதிரெதிராகத் தள்ளும் ஸ்க்ரமுக்கு மட்டும் ‘க்ரௌச், பைண்ட், செட்’ என்ற வரிசையை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த மூன்று சொல்லின் இடைவெளியில்தான் இரு பக்கத்து முன்வரிசையும் தலையையும் தோளையும் பாதுகாப்பாகப் பொருத்திக்கொள்கிறது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்ற தனி விதியும் உண்டு.

பேச்சை அடுத்து வருவது மௌனம். ஏழாம் சட்டம் அட்வான்டேஜ் பற்றியது. ஓர் அணி தவறு செய்தாலும், அதனால் எதிரணிக்கு இடமோ வாய்ப்போ கிடைப்பதாக இருந்தால், நடுவர் அந்தப் பக்கமாகக் கையை இடுப்பளவில் நீட்டியபடி ஆட்டத்தை ஓடவிடலாம். பயன் எதுவும் விளையவில்லையென்றால் திரும்பி வந்து முதல் தவறுக்கு ஊதலாம். எவ்வளவு நேரம் காத்திருப்பது, எது பயன், எது வெறும் வாய்ப்பு என்பதை அவரே முடிவு செய்கிறார். புதிய நடுவர்கள் கண்ட தவறுக்கெல்லாம் ஊதிவிடுவதும், அதனால் ஆட்டம் நொண்டியடிப்பதும் எங்கும் நடப்பது. ஆயினும் தொடக்கத்தில் அதிகமாக ஊதுவதைப் பெரிய குற்றமாக நான் கருதமாட்டேன், குறிப்பாகப் பிடியும் சாய்ப்பும் இன்னும் பழகாத பிள்ளைகள் ஆடும்போது. ஒருவருக்குப் பலத்த அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் அட்வான்டேஜுக்கே இடமில்லை, உடனே ஊத வேண்டும்.

அடி என்றதும் பெரும்பாலோர் கை, கால் முறிவையே நினைக்கிறார்கள். ரக்பி அஞ்சுவது தலைக்காயத்தை. மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அந்த வீரர் உடனே வெளியேற வேண்டும், அந்த ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. சோதித்துப் பார்த்துத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு அனுமதி பெற்ற உயர்மட்ட ஆட்டங்களுக்கு மட்டுமே உரியது. சொல்வதற்கு எளிதான இந்த விதியை நடைமுறைப்படுத்துவதில்தான் நடுவருக்கு மனவுறுதி வேண்டும். தடுமாறி எழுந்த பையன் ‘ஒண்ணுமில்ல சார்’ என்பான். அவன் அணியின் ஆசிரியர், ‘தண்ணி குடிச்சா சரியாயிடும் சார், அவன்தான் எங்க கேப்டன்’ என்பார். வெயில் மயக்கமா, தலையில் பட்டதா என்று பிரித்தறிய நடுவருக்கு மருத்துவப் பயிற்சி கிடையாது, தேவையும் இல்லை. இரண்டு நிலையிலும் அவன் ஓரத்தில் உட்கார வேண்டியவன்தான்.

இந்த உறுதி ஆட்டத்துக்கு முன்பே, மைதானத்தைப் பார்வையிடும்போதே தொடங்க வேண்டும். முதல் சட்டம், ஆடுதளம் புல்லாகவோ மணலாகவோ களிமண்ணாகவோ இருக்கலாம் என்கிறது, பனியைக்கூட ஏற்கிறது, நமக்கு அந்தக் கவலை இல்லை. கான்கிரீட், தார் போன்ற கெட்டியான நிரந்தரத் தளம் கூடாது. எந்தப் பகுதியாவது ஆபத்தானது என்று கருதினால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. இப்போது நம் பள்ளி மைதானங்களை எண்ணிப் பாருங்கள். செம்மண்ணும் சரளையும் கலந்த தரை, மழைக்குப் பின் கொஞ்சம் இளகும், மாசி, பங்குனியில் பாறையாகிவிடும். ஓரத்தில் கைப்பந்துக் கம்பங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நட்ட நடுவில் யாரோ ஒரு காலத்தில் கட்டிவைத்த சிமென்ட் கிரிக்கெட் பிட்ச். அந்தப் பிட்ச் ஆடுகளத்துக்குள் வரும்படி கோடு போட்டிருந்தால், விழாக் குழு மேடை போட்டுச் சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு காத்திருந்தாலும், நடுவர் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆடுகளத்தைச் சுருக்கியோ நகர்த்தியோ தீர்க்க வழியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவர் கடமை. வழியில்லாத இடத்தில், பிடித்துச் சாய்ப்பதற்குப் பதிலாகத் தொட்டாலே போதும் என்ற தொடு ரக்பியாக மாற்றி அன்றைய பொழுதைக் காப்பாற்றலாம்.

பதினைந்து பேர் அணிகளைத் திரட்டுவது கடினம் என்பதால், இங்கே நடக்கக்கூடியது பெரும்பாலும் எழுவர் ஆட்டமாகவே இருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து இடம்பெற்றிருப்பதும் அதுதான். பாதிக்கு ஏழு நிமிடம், நடுவே இரண்டு நிமிட இடைவேளை, ஸ்க்ரமுக்குப் பக்கத்துக்கு மூவர், மஞ்சள் அட்டை வாங்கினால் பத்து நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் வெளியே. நேரம் குறைவு என்பதால் நடுவருக்கு வேலையும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆடுகளம் அதே அளவு, ஆட்கள் பாதிக்கும் குறைவு. ஒருவர் தப்பித்துவிட்டால் எழுபது மீட்டர் ஓட்டம், நடுவரும் பின்னாலேயே ஓடி, பந்து கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தப்பட்டதா, கையிலிருந்து நழுவியதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் போட்டியில் அவருக்கு இப்படி ஐந்தாறு ஆட்டங்கள் வரலாம். 20 மீட்டர், 40 மீட்டர், 60 மீட்டர் என்று போய்த் திரும்புவதை நிற்காமல் ஐந்து முறை செய்து 1,200 மீட்டர் முடிக்கும் பிராங்கோ சோதனை ரக்பி உலகில் புழக்கத்தில் இருக்கிறது. பள்ளி மைதானத்தில் நான்கு கல்லை வைத்து யாரும் செய்து பார்க்கலாம். தொப்பையோடு மைய வட்டத்தில் நின்று ஊதும் வழக்கம் இங்கே செல்லாது. ரக்பி ஆடுகளத்தில் மைய வட்டமே கிடையாது.

நடுவரோடு வாதாடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ரக்பியில் நடுவரிடம் தீர்ப்பைப் பற்றிக் கேட்க அணித் தலைவர் ஒருவருக்குத்தான் வழக்கப்படி இடமுண்டு, அதுவும் ஆட்டம் நின்றிருக்கும்போது, மரியாதையாக. மற்றவர்கள் வாய் திறந்தால் பெனால்டி கிடைக்கும். பெனால்டி கொடுத்த பின்னும் முனகினால் இன்னும் பத்து மீட்டர் பின்னால் போக நேரும். ஒரு புள்ளிக்காக இரு ஊர்க்காரர்களும் களத்துக்குள் இறங்கி அரை மணி நேரம் பஞ்சாயத்துப் பேசுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வேற்றுக் கிரகத்து வழக்கம்போலத் தோன்றலாம். ஆனால் பிள்ளைகள் இதை விரைவில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கற்பிக்கக் கடினமானவர் மைக்கைப் பிடித்திருப்பவர். நேர்முக வர்ணனை என்ற பெயரில் ஒவ்வொரு விசிலுக்கும் தீர்ப்புரை சொல்லும் அவரிடம், ஆட்டத்துக்கு முன்பே தனியாகப் போய் நான்கு விதிகளை விளக்கிச் சொல்லிவிடும் நடுவர் விவரமானவர்.

பணத்தைப் பொறுத்தவரை, உள்ளூர் நடுவருக்குப் பேருந்துச் செலவும் படியும் கிடைத்தால் அதுவே அதிகம் என்று வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஆட்டங்களின் பஞ்சம். நடுவர் என்பவர் ஆட்டம் நடத்தி நடத்தியே தேறுபவர், ஆனால் பாலக்கோட்டிலோ பர்கூரிலோ இருப்பவருக்கு வாரந்தோறும் ரக்பி ஆட்டம் எங்கே கிடைக்கும்? இந்த இடத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். ரக்பி சங்கங்கள் உள்ள நகரம். வேலைக்காகத் தினமும் எல்லையைத் தாண்டுபவர்கள் நிறைந்த ஊரில், ஞாயிறு காலை விசிலோடு ஒருவர் அதே பேருந்தில் ஏறுவது புதுமையாக இருக்காது. தருமபுரிக்காரருக்குச் சற்றுத் தூரம்தான். சேலத்திலிருந்து வந்து ஓசூர் வழியாகப் போகும் ரயில் இருக்கிறது. சென்னையில் நடக்கும் போட்டிக்கோ வகுப்புக்கோ மொரப்பூரில் வண்டி பிடிக்கலாம்.

அங்கே போய் முதல் நாளே விசில் கேட்காமல், கொடி கேட்பது முறை. ஆட்டம் முடிந்ததும் அன்றைய நடுவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்தெந்த நிமிடத்தில் எதற்கு ஊதினார், எங்கே ஊதாமல் விட்டார், ஏன் விட்டார் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். மூத்த நடுவர்கள் பெரும்பாலும் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அடுத்த வாரம் தன் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும்போது, அந்த நோட்டு சட்டைப் பையில் இருக்கட்டும், ஒரு பென்சிலும், பூவா தலையா போட ஒரு நாணயமும்கூட. நாணயத்தைச் சுண்டுபவர் நடுவரல்ல, ஓர் அணித் தலைவர் சுண்ட மற்றவர் சொல்ல வேண்டும் என்பதும் சட்டநூலில் இருக்கிறது.